ஊசி நின்ற மாதம்

அக்கா,

திங்கட்கிழமை காலையில் ஒரு வெளிநாட்டுப் பெண் நம் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். மலையிலுள்ள தொலைநோக்கியில் வேலை செய்ய வந்திருக்கிறாளாம். ஐஸ் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, "ஃபிரிட்ஜில் வைத்து, நாளை எனக்குப் போட்டுவிட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெட்டியின் மேல் இருந்த பெயர் புதிது. அடியில் சின்ன எழுத்தில் இருந்த பெயர் எனக்குத் தெரியும். ஒரு வருடம் மாதாமாதம் உங்களுக்கு நான் போட்ட அதே ஆஸ்துமா மருந்து.

அதற்கு முன்பெல்லாம் இந்த ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் வருவீர்கள். சாமைத் தூசி பட்டாலே இழுப்பு வந்துவிடும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புது ஊசியைச் சோதிக்க ஆள் தேடியபோது முதலில் உங்கள் பெயரைச் சொன்னவள் நான். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியவளும் நான்தான். வெளியே அவர்களுடைய ஜீப் காத்திருந்தது. கடைசிப் பக்கங்களை வாசிக்காமலே உங்களிடம் கைநாட்டு வாங்கினேன்.

"ஊசிய நிறுத்திட்டா இன்னா பண்றது சிஸ்டர்?" என்று கேட்டீர்கள்.

"நல்லா வேலை செஞ்சா எல்லாருக்கும் வந்துடும்க்கா. நிறுத்த மாட்டாங்க."

என்னிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

அந்த வருடம் புளி மூட்டையை நீங்களே தலையில் சுமந்து பஸ்ஸுக்கு வந்தீர்கள். "நெஞ்சுல கட்டுன கயிறு அறுந்தா மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தீர்கள். சோதனை வெற்றி என்று கம்பெனிக்காரர்கள் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன். அதோடு ஊசி நின்றது. சோதனை முடிந்தால் மருந்தும் முடியும் என்பது, நான் வாசிக்காமல் விட்ட பக்கத்தில் இருந்தது.

வழக்கமான நாளில் வந்து, ரவிக்கைக் கையை மடித்துவிட்டு பெஞ்சில் காத்திருந்தீர்கள்.

"தீந்துபோச்சா? பரவால்லீங்க, அடுத்த மாசம் வர்றேன்."

அடுத்த மாதமும் வந்தீர்கள். டாக்டர் கம்பெனிக்கு எழுதினார். "இந்த மருந்து உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை" என்று பதில் வந்தது. மூன்றாம் மாதம், கொட்டும் மழையில், திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் உங்கள் மூச்சு நின்றது.

செவ்வாயன்று அந்தப் பெண்ணுக்கு ஊசி போடும் முன், பெட்டியின் அடியில் இருந்த பெயரை மறுபடி மறுபடி வாசித்தேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். அவள் நாட்டில் அரசாங்கமே இதைக் கொடுக்கிறதாம். "யார் உடம்பில் சோதித்தார்கள் என்று நான் நினைத்ததே இல்லை" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள் இல்லையே.

உங்கள் மகளுக்கும் இழுப்பு தொடங்கிவிட்டது, அக்கா. நேற்று வந்திருந்தாள். இன்ஹேலரைக் கொடுத்து, மருந்தை எப்படி உள்ளிழுப்பது என்று காட்டினேன்.

"இதவிட நல்ல மருந்து எதுனா இருக்குதாங்க?"

"டாக்டர் வரட்டும்மா, கேக்கலாம்" என்று தட்டிக்கழித்தேன்.

"சரிங்க. அம்மாவும் நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மறுபடி வருவாள். இருக்கிறது என்று சொன்னால், உங்களுக்கு அது ஏன் நின்றது, நான் எதை வாசிக்காமல் விட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் போகிறேன். அதன் பிறகு அவள் என் கையால் மருந்து வாங்குவாளா என்பதுதான் தெரியவில்லை.