நேராக அடுக்கிய ஆறு பெட்டிகள்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

என் கணவரின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள். பூசை முடிந்து இருபத்திரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் இரண்டு நாள் அடுப்படியில் நின்று சுட்ட பயத்தம் பணியாரம் தட்டோடு மிஞ்சியது. மருமகள் கரோலின் செய்த மோச்சி பத்து நிமிடத்தில் முடிந்தது. யப்பான்காரரின் பண்டம் அது. ஒட்டரிசி மாவை அவித்து, இழுத்து, உள்ளே சிவப்புப் பயற்றை இனிப்பாக மசித்து வைத்து உருட்டுவது.

என்னோடு கொன்வென்ரில் படித்த எமில்டாவும் வந்திருந்தாள். நான்காவது மோச்சியை வாயில் வைத்துக்கொண்டு, "உன்ரை பணியாரம் பல்லுக்கு ஏலாதடி" என்றாள். சொந்தப் பல் இருந்த காலத்திலேயே அவளுக்குச் சுவை தெரியாது.

இவரின் படத்துக்கு முன்னால் ஒரு மோச்சியை வைத்திருந்தார்கள். என் பணியாரம் இல்லை. மோச்சியை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 15, புதன்

மேலே மகன் ஜெனோசனும் கரோலினும். கீழே பேஸ்மென்றில் நான், என் அடுப்பு, என் சிறிய பிறிட்ஜ். உடுப்புத் தோய்க்கும் அறையில் நிற்கும் பெரிய பிறீசர் மட்டும் பொது. அதில் இடம் கேட்டு வந்தாள். ஒரு தேநீர்க்கடைக்காரி மோச்சியைச் சுவைத்துப் பார்க்கப் போகிறாளாம். பிடித்தால் கிழமைக்கு இருநூறு மோச்சி எடுப்பாளாம். அப்படியானால் ஆஸ்பத்திரித் துப்பரவு வேலையை விடலாமாம். முதுகு இனித் தாங்காதாம். முப்பத்தாறு வயதில் என்ன முதுகு?

போகும்போது எனக்கு வகுப்பு வேறு.

"மாமி, ஒண்டு மட்டும். இதைப் பிறிட்ஜிலை வைக்கக் கூடாது. வெளியிலை எண்டா ஒரு நாள். இல்லாட்டிச் செய்த அண்டைக்கே ஒவ்வொண்டாச் சுத்திப் பிறீசரிலை. பிறிட்ஜ் குளிருக்குக் கல்லாப் போயிடும்."

ஒருமுறை சொன்னால் எனக்குப் போதும். அது அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 28, செவ்வாய்

செய்து பிறீசரில் வைத்துவிட்டாள். ஆறு பெட்டி, பெட்டிக்கு எட்டு. அடுக்கிய விதத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு லேபல் சுவரைப் பார்க்கிறது, ஒன்று தலைகீழாக நிற்கிறது. கொன்வென்ரில் படிப்பித்த மதர் இருந்திருந்தால் அடிமட்டத்தால் விரல் மொளியில் போட்டிருப்பார்.

ஜனவரி 30, வியாழன்

அவள் இரண்டு மணிக்கு வேலைக்குப் போனாள். மூன்று மணிக்கு ஆறு பெட்டிகளையும் என் பிறிட்ஜுக்கு மாற்றினேன்.

காரணம் எழுதப்போவதில்லை.

ஜனவரி 31, வெள்ளி

மூன்று மணிக்குத் திரும்பப் பிறீசரில் வைத்தேன். சரியாக இருபத்துநான்கு மணித்தியாலம்.

பெப்ரவரி 1, சனி

கடைக்காரி ஒன்றைக் கடித்தாளாம். மென்றுபார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கடதாசியில் துப்பினாளாம். வேறு ஆள் பார்க்கிறேன் என்றாளாம். ஜெனோசன் படியில் நின்று சொன்னான்.

மேலே அழுகிற சத்தம் கேட்டது. வானொலியைக் கூட்டி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். நல்ல பசி.

பெப்ரவரி 2, ஞாயிறு

பூசையால் வந்ததும் இருவரும் கீழே இறங்கினார்கள். அவளின் கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தாழ்வாக.

"மாமி, பெட்டியளை எடுத்தனீங்களோ?"

"ஏன் பிள்ளை?"

"நான் கண்டபடி அடுக்கினனான். நேற்றுக் காலமை திறந்தா, ஆறும் ஒரே நேர். லேபல் எல்லாம் முன்னுக்கு. இந்த வீட்டிலை அப்பிடி அடுக்கிறது ஆர்?"

என் கை! ஒழுங்கீனத்தை ஒழுங்கீனமாகவே திருப்பி வைக்க அதற்குத் தெரியவில்லை.

நான் வாய் திறக்குமுன் ஜெனோசன் குறுக்கே வந்தான். "அம்மா மறந்துபோய் பிறிட்ஜிலை வைச்சிருப்பா, கரோலின். எழுபத்தெட்டு வயசு. நீர் சொன்னது அவவுக்கு எங்கை ஞாபகம் இருக்கப்போகுது?"

நான் பொய் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் என்னைப் பார்த்து — வகுப்பில் ஐந்து வருடம் முதலாம் பிள்ளையாக வந்த என்னைப் பார்த்து — ஞாபகம் இல்லையாம்!

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஓம். பாவம் மாமி. மறந்திருப்பா."

பெப்ரவரி 9, ஞாயிறு

உப்புப் போத்தலில் பெரிய எழுத்தில் "உப்பு". சீனியில் "சீனி". அடுப்புக்கு மேலே "நிப்பாட்டினனீங்களோ மாமி?" கழிவறைக் கதவிலும் ஒன்று. எல்லாம் அவளின் வேலை.

"மாமி தடுமாறக் கூடாதெல்லே" என்கிறாள், தேன் ஒழுக.

கிழிக்க முடியவில்லை. கிழித்தால் ஏன் என்று ஜெனோசன் கேட்பான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கோவில் வாசலில் எமில்டா என் கையைப் பிடித்து, மிக ஆறுதலாக, "என்னைத் தெரியுதோடி?" என்றாள்.

இதற்கும் கரோலின்தான் காரணம். ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

டொக்டரிடம் ஞாபகப் பரிசோதனை செய்விக்க வேண்டுமாம். கரோலின்தான் கேட்டாளாம். "மாமி முழுப் புள்ளியும் எடுப்பா, பாருங்கோவன்" என்று சிரித்தாள்.

எடுக்கத்தான் போகிறேன். அதன் பிறகு ஒவ்வொரு லேபலையும் அவள் கையாலேயே உரிக்க வைப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

மோர்னிங்சைட்டில் தமிழ் டொக்டர். ஜெனோசன் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

மணிக்கூடு கீறச் சொன்னார். கீறினேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். அவர் சரிபார்க்குமுன் முடித்தேன். தொடக்கத்தில் தந்த ஐந்து சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான்கு சொன்னேன். ஐந்தாவது நாக்கு நுனியில் நிற்கும்போதுதான் விளங்கியது.

அவள் ஏன் சிரித்தாள் என்று.

இந்த ஒன்றை விட்டால் போதும். தலையைச் சொறிந்து, "வரேல்லை தம்பி" என்றால் போதும். மகன் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவான். ஆனால் அந்த டொக்டர் பென்சிலைத் தூக்கிக்கொண்டு, பிழை போடத் தயாராக இருந்தார்.

சொன்னேன்.

"முப்பதுக்கு முப்பது! அன்ரி, என்ரை ஞாபகத்தை விட உங்கடை திறம்" என்றார்.

திரும்பி வர ஜெனோசன் கார் ஓட்டினான். சிவப்பு விளக்கில் நின்றபோது, என்னைப் பாராமல், "அப்ப அவள் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருந்தது" என்றான். கேள்வியாக இல்லை. விளக்குப் பச்சையாகியும் அவன் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

மார்ச் 19, புதன்

லேபல்கள் இல்லை. நான் நித்திரையால் எழும்புமுன் உரித்துவிட்டாள்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

ஜெனோசனும் அவளும் தூர, ஒஷாவாவில் வீடு எடுத்துவிட்டார்களாம். எமில்டா சொல்லித்தான் அறிந்தேன்.

மே 3, சனி

லொறி பத்து மணிக்கு வந்தது, பதினொன்றரைக்குப் போனது. ஜெனோசன் வீட்டுக் கதவின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, "மருந்து எடுங்கோ அம்மா" என்றான். அவள் காரைவிட்டு இறங்கவில்லை.

பிறீசரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். வெறுமை. நடுவில் ஒரேயொரு பெட்டி, மிக நேராக, லேபல் முன்னுக்கு. "மாமிக்கு. பிறிட்ஜில் வைக்க வேண்டாம்."

ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் எதிரே இருந்தேன். பிறகு விரலால் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று அமிழ்ந்து, திரும்ப எழும்பியது. சாப்பிட்டேன்.

பிழை சொல்ல ஒன்றுமில்லை.