அப்பா கை தூக்கினது

ஆகஸ்ட் 2, சனி

புழுக்கம். சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்தது. வாலிபர் கூட்டத்தில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு.

அடுத்த வாரம் வாலிபர் ஞாயிறு. அன்றைக்குப் பாஸ்டர் கீழே உட்காருவார். ஆராதனை முழுக்க எங்கள் கையில். எங்கள் சபை எதை எதை நம்புகிறது என்று சுவரில் மாட்டியிருக்கிறதே, அதில் ஆளுக்கு ஒன்று மைக்கில் சொல்ல வேண்டும். கூட ஒரு வசனம், கொஞ்சம் விளக்கம். யாருக்கு எது என்பதற்குச் சீட்டு. டேனியல் அண்ணன் (எங்கள் லீடர், தெற்கத்திக்காரர், ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறார், இனி டே.அ.) காணிக்கைப் பையில் சீட்டுகளைப் போட்டு, ஜெபம் பண்ணி, நீட்டினார். ஜெபம் பண்ணி எடுத்த சீட்டை மாற்றக் கூடாது. கர்த்தர் கொடுத்தது.

ஜெனிக்கு: தேவன் உலகத்தைப் படைத்தார். சுலபம்.
எனக்கு: இரட்சிப்பு. நாம் செய்கிற நல்லதால் இல்லை, இயேசுவை மனதார நம்புவதால் மட்டும். நம்பாதவர்களுக்கு நித்திய நரகம்.

பிரித்ததும் திரும்ப மடித்துவிட்டேன். மைக் ஒரு காரணம். அப்பா ஒரு காரணம். அப்பா இயேசுவை நம்புகிறவர் இல்லை. கெட்டவரும் இல்லை. நானும் அம்மாவும் சபைக்குப் போவதை ஒரு நாள்கூடத் தடுத்ததில்லை. மழை பெய்தால் வண்டியில் கொண்டுவந்து வாசலில் விடுவார். உள்ளே வர மாட்டார்.

தலை குளிக்க வேண்டும். சீயக்காய் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கம்பெனியில் வாஷர்களை எண்ணிப் பாக்கெட் போட்டபடியே மனப்பாடம். சூப்பர்வைசர் அக்கா: "இன்னாடி செல்வி, வாய் ஓடுது, கை நிக்குது?" பக்கத்து டேபிளில் சிரிப்பு. காது சுட்டது.

அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை வைத்துவிட்டார். "இது மைக்ல பேசப் போவுதா? கடையில ஒரு பால் பாக்கெட் கேக்கவே மூணு வாட்டி வாய தொறந்து மூடுமே." அப்புறம், "நானும் வர்றேன்."

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அழுகை.

அன்றைக்கு ஆடிக் கடைசி ஞாயிறு. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வருஷா வருஷம் அண்டா தூக்குவது அப்பாதான். அதைச் சொன்னேன். அப்படியாவது வராமல் இருப்பார் என்று. "கூழு மத்தியானம்தானே. அதுக்குள்ள ஓடியாந்துடுவேன்."

ஜெனியிடம் மாற்றிக்கொள்ளக் கேட்டேன். "ஐயோ, கர்த்தர் குடுத்தத மாத்துறதா? போடி." கொஞ்ச நேரம் கழித்து, "நீ மைக் கிட்ட போனா அதுக்கே பாவமா இருக்கும்டி."

டே.அ.வுக்குப் போன் பண்ணினேன். நாலு தடவை எடுத்து வைத்துவிட்டுப் பண்ணினேன். வேறு யாரிடமாவது கொடுங்கள், அப்பா வருகிறார் என்றேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். "அப்பா வாராங்களா? அப்ப பாரும்மா, சீட்டு சும்மா விழல. உன் வாயால கேக்கணும்னு ஆண்டவர் வச்சிருக்காரு."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தோன்றாதது என் விசுவாசக் குறைவோ என்னவோ.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாயங்காலம் சட்டென்று மழை. மொட்டை மாடித் துணி எல்லாம் நனைந்தது.

குரூப்பில் டே.அ. போட்டிருக்கிறார்: "சகோதரி செல்வியின் தகப்பனார் இரட்சிக்கப்பட இன்று உபவாச ஜெபம்." கீழே ஆமென், ஆமென், ஆமென். பூந்தமல்லியில் இருக்கிற யாரோ ஒரு ஆன்ட்டிகூட ஆமென். அப்பாவை நேரில் பார்க்காதவர்கள் எல்லாம் அப்பாவுக்காகப் பட்டினி. நன்றியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. நானும் சாப்பிடவில்லை. மத்தியானம் தலை சுற்றி, சூப்பர்வைசர் அக்கா கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டேன். அது கணக்கில் வருமா தெரியவில்லை.

அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார். இஸ்திரிக்காரரிடம், "எம் பொண்ணு சர்ச்சில பேசுது நைனா, ஒரு மடிப்பு இருக்கக் கூடாது."

கர்த்தாவே, அவருக்குக் காய்ச்சல் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் விழுந்தால் போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எல்லாம் நடந்துவிட்டது. வரிசையாக எழுத முடியுமா பார்க்கிறேன்.

காலையில் அம்மா அப்பாவின் நெற்றியைப் பார்த்து, "விபூதிய தொடச்சிக்கயேன்." அப்பா: "அது பாட்டுக்கு கீது. நான் ஒளிஞ்சிகினா வர்றேன்?" போகிற வழியில் அம்மா, "புதுசா வந்தவங்கள கை தூக்கச் சொல்வாங்க. கூச்சப்படாம தூக்கு."

ஆண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்தார். செருப்பை எங்கே விட்டோம் என்று அடிக்கடி வாசலைப் பார்த்தார். புதியவர்களை வரவேற்பது ஜெனி வேலை. அவள் பதற்றத்தில் அதை விட்டுவிட்டு நேரே பாட்டுக்குப் போய்விட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

என் முறை. மைக் வாசனை, இரும்பும் எச்சிலுமாக. மனப்பாடம் செய்தது எல்லாம் வந்தது, நரகம் உட்பட. யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

கடைசியில் எல்லாரும் கண்ணை மூடச் சொன்னார்கள். கீபோர்டு மெதுவாக. டே.அ. இயேசுவை இன்றைக்கு ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்தச் சொன்னார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன், தப்புதான். அப்பா கையைத் தூக்கினார். நேராக, மேலே, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் தூக்குகிற மாதிரி. முகத்தில் சிரிப்பு.

அல்லேலூயா என்று டே.அ. சத்தம் போட்டார். கை தட்டல். அம்மா தரையில் உட்கார்ந்தே விட்டது. அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பாஸ்டர் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அப்பாவும் எல்லாருக்கும் கை கொடுத்தார்.

எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. அந்தச் சிரிப்பு.

மத்தியானம் அவர் அண்டா தூக்கப் போனார். "இனிமே போவாதுன்னு நெனச்சேன்," என்று அம்மா. பிறகு தானே சொல்லிக்கொண்டது, "கொஞ்சம் கொஞ்சமா மாறும்."

ஆகஸ்ட் 11, திங்கள்

அப்பா ஷேவ் பண்ணும்போது கேட்டேன். "நேத்து எதுக்குப்பா கை தூக்குன?"

"உங்கம்மாதான சொல்லிச்சி, புச்சா வந்தவன் தூக்கணும்னு. எப்ப கேப்பாங்கோன்னு பாத்துகினே இருந்தேன். கடைசியில கேட்டாங்கோ, தூக்கினேன். இன்னா பாசமா கீறாங்கோ உங்க ஜனம். ஒரு ஆளு கை தூக்குனா இவ்ளோ கை தட்டுறாங்கோ."

நினைத்ததுதான்.

"நீ நல்லா பேசுன. கொரல் மட்டும் ஏத்திக்க." கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே, "நரகம்ன்றப்போ என்னைப் பாத்த."

பார்க்கவில்லை என்றேன். பொய்.

குரூப்பில்: வெள்ளி, லீவு நாள், சாயங்காலம் செல்வி வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பார்களாம். சுவரில் இருக்கிற முருகர் படத்தை அப்பா தன் கையால் எடுப்பார் என்று யாரோ.

அம்மா வேலை செய்யும்போது பாடுகிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் இப்போதுதான் பாடுகிறது. நான் பத்தாவதோடு நின்றதே அம்மா படுத்திருந்ததால்தான். அந்தப் பாட்டை நான் நிறுத்துவதா?

வழிகள்:
1. பேசாமல் இருப்பது. அப்பா பழகிப் பழகி நிஜமாகவே நம்பிவிடலாம்.
2. அம்மாவிடம் சொல்வது. முடியாது.
3. டே.அ.விடம். முடியவே முடியாது.
4. அப்பாவிடம்.

ஆகஸ்ட் 13, புதன்

வேலை முடிந்ததும் அப்பா கூப்பிட வந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் டீக்கடை. அவருக்கு டீ, எனக்குப் பன். பாதி பன் வரைக்கும் தைரியம் சேர்த்தேன்.

சொன்னேன். அன்றைக்குக் கேட்டது புதியவர்களை இல்லை, இயேசுவைத் தெய்வமாக ஏற்றுக்கொள்கிறவர்களை என்று. இனிமேல் வேறு சாமி இல்லை என்று அதற்கு அர்த்தம் என்று.

டீயைக் கீழே வைத்தார். "அதுக்கா உங்கம்மா அப்டி அழுதுச்சி?"

லாரி போனது. தூசி விழாமல் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.

"சரி வுடு. ஆமான்னே சொல்லிட்றேன். தண்ணியில ஒரு முழுக்கு, அவ்ளோதானே? உங்கம்மா சந்தோஷமா கீது. இத்தினி வருசத்துல நான் அதுக்கு இன்னா பண்ணிட்டேன்?"

நான் ஆசைப்பட்டது அதுதான். தினமும் ஜெபத்தில் கேட்பது அதுதான். ஆமாம்ப்பா, சொல்லிடு என்று தொண்டை வரை வந்தது. ஆனால் மைக்கில் நானே சொன்னேனே, நம்புவதால் மட்டும் என்று. முழுக்கால் இல்லை, தூக்கின கையால் இல்லை. அவர் எங்களுக்காகப் பொய்யாகச் சொன்னால் எல்லாரும் அவருக்காக ஜெபிப்பதை நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்திவிடுவேன்.

"வேணாம்ப்பா. பொய்யா வேணாம்."

"நீதான நரகம்னு சொன்ன."

"ஆமா."

"பயமா கீதா?"

தலையாட்டினேன். பன் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன். அவர் டீக்காசைக் கொடுத்துவிட்டு வந்தார். "உங்கம்மாகிட்ட நான் சொல்ட்டா?" நானே சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் சொல்ல நினைத்தேன். அம்மா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் நினைத்தேன். அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்கப் போயிருந்தது. அப்புறம் அவர்கள் வந்துவிட்டார்கள்.

பாட்டு. டே.அ. அப்பாவைப் பார்த்து, "ஐயா, ஞாயித்துக்கிழமை ஆண்டவர் உங்கள எப்படித் தொட்டாருன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்காகக் காத்திருந்தார்.

உட்கார்ந்தபடியே சொன்னேன். குரல் எங்கேயோ கேட்டது. அப்பா புதியவர்களைக் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தூக்கினார். வரவேற்பை அன்றைக்கு விட்டுவிட்டோம். அவர் மேல் தப்பில்லை.

ஜெனி தரையைப் பார்த்தாள். அம்மா கையில் கேசரித் தட்டு. யாரும் அதை வாங்கவில்லை.

டே.அ. முகம் சிவந்தது. ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டார். "சரி ஐயா. இப்ப கேக்கேன். உங்களுக்கு விருப்பம் உண்டா?"

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டார். "எனக்குத் தெர்லபா. எம் பொண்ணு பொய் வேணாம்னுச்சி. அதான் தெர்லன்றேன்."

ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். சின்ன ஜெபம். கேட் கிட்டே டே.அ. மெதுவாக என்னிடம், "நேரம் குறைவும்மா. யாருக்கு நாளைக்கு என்னன்னு நமக்குத் தெரியாது." திட்டவில்லை. அவரும் பயந்துதான் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அம்மா தட்டுகளைக் கழுவியது. கழுவினதையே திரும்பக் கழுவியது.

ஆகஸ்ட் 16, சனி

வெயில் காலையிலேயே சுள்ளென்று. அம்மா பாடவில்லை. எனக்குக் காபி வைத்தது, டம்ளரைத் தள்ளிவிட்டுப் போனது. சாயங்காலம் வாலிபர் கூட்டம். போக வேண்டுமா?

டே.அ. சொன்ன வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. நான் வேண்டாம் என்றேன், அப்பா தெரியாது என்றார். அவர் நம்புவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

அப்பா முதல் ஷிஃப்ட். வண்டியை எடுத்தார். ஹெல்மெட் போடச் சொன்னேன்.

"தோ கீது கம்பெனி. இதுக்குப் போய் ஹெல்மெட்டா?"

கேட்டை மூடி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டேன். ஹாரன் அடித்தார். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தது. நான் நகரவில்லை. "இன்னாடி உனக்கு?" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், இறங்கிப் போய் எடுத்து வந்து போட்டுக்கொண்டார். வாரைக் கட்டவில்லை. நான்தான் கட்டினேன்.