நீ ஜெயிக்க வைத்த ஆட்டங்கள்

என் மாப்பிள்ளை பிரபுவுக்கு,

ஊருக்கு முன்னால் மாப்பிள்ளை, நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தால் பிரபு. என் தங்கை சுமதியை நீ கட்டிய நாளிலிருந்து உன்னை வாங்க, போங்க என்று கூப்பிடச் சொல்லி அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். ஹாஸ்டலில் ஒரே பக்கெட்டில் குளித்தவனை எப்படி வாங்க, போங்க என்பது? இதை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தும் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

டெக்சாஸில், ஆலனில், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சுமதி பின்பக்கம் உன் முருங்கைக்குத் தண்ணீர் விடுகிறாள். நாளைக்கு எனக்கு நியூ ஜெர்சிக்கு ஃப்ளைட். நேற்று நம் இனியாவின் ரக்பி ஃபைனல் முடிந்தது. மைதானத்து வேலியோரத்திலேயே நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, விசில் ஊதியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம், நீ கூப்பிடுகிற நேரம்.

உன் மகள் காலேஜில் ரக்பி ஆடுகிறாள் என்று முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. நீதான் எனக்கு விளக்கினாய். முட்டை மாதிரி ஒரு பந்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிராளிகள் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள், அவர்களைத் தாண்டிப் போய்க் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அதற்குப் பெயர் ட்ரை. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா இது என்று கேட்டேன். சடுகுடு ஆடுற ஜில்லாவுல பொறந்துட்டு இப்படிக் கேக்கலாமா என்று என் வாயை அடைத்தாய்.

அதன்பிறகு மூன்று வருஷம், ஆட்டம் உள்ள ஒரு சனிக்கிழமைகூட நீ என்னை விட்டதில்லை. என் ஊர் பார்சிப்பனியில் நான் மளிகை வாங்கிக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் டிரைவ்வேயில் பனி அள்ளிக்கொண்டிருப்பேன். "மச்சான், கேட்டுக்க" என்று ஆரம்பிப்பாய். ஸ்கோரை முதலில் சொல்லவே மாட்டாய். யார் பந்தை எடுத்தார்கள், யார் விழுந்தார்கள், இனியா எந்தப் பக்கம் ஒடித்து ஓடினாள், எல்லாம் சொல்லி, என்னைக் கடைத்தெருவில் நிற்க வைத்து மூச்சு வாங்க வைத்து, கடைசியில்தான் ஜெயித்ததைச் சொல்வாய். எனக்கு அந்த ஆட்டத்தின் விதிகள் இன்றைக்கும் பாதிதான் தெரியும். ஆனால் உன் மகள் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

நீ போனபிறகு இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்த கையோடு இனியா காலேஜுக்குத் திரும்பிவிட்டாள். ஆடினாள், படித்தாள், அம்மாவுக்கு தினமும் மெசேஜ் அனுப்பினாள். உன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். உன் போட்டோவைக்கூடத் தன் ரூமில் வைக்கவில்லை. பிள்ளை அழட்டும், அழுதால் சரியாகிவிடும் என்று நாங்கள் காத்திருந்ததுதான் மிச்சம்.

போன வாரம் சுமதி போன் பண்ணினாள். டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. ஃபைனலுக்கு முந்தின சாயங்காலம் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, தான் பார்த்த ஓர் ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசி, மறுநாள் போடப்போகிற ஜெர்சியைக் கையில் கொடுக்க வேண்டும். இனியா கோச்சிடம் போய், எனக்கு யாரும் கொடுக்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பயந்துபோன கோச் சுமதியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்னால அங்க நின்னு பேச முடியாதுங்ணா," என்றாள் உன் பெண்டாட்டி. "ஆனா அவ தானா எடுத்துப் போட்டுக்கிட்டான்னா, அப்பன் இல்லாத பிள்ளைன்னு அவளே முடிவு பண்ணிட்ட மாதிரி ஆயிடும். நீங்க வாங்க."

எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுப்பது யார் வேலை? தாய்மாமன் வேலை. அவள் பெரியவளானபோது விசா சிக்கலில் என்னால் வர முடியாமல், நீயே கடையில் பட்டுப்பாவாடை வாங்கி மாமன் சீர் என்று என் பேரைச் சொல்லிக் கொடுத்தாயே, அந்தக் கடன் வேறு நெஞ்சில் இருந்தது. லீவு போட்டுவிட்டு ஆலனுக்கு வந்தேன். இங்கே இந்தியன் கடையில் தாம்பாளம், தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஒரு முழம் பூ எல்லாம் வாங்கினேன். வருஷம் திரும்பாத வீடு என்று குங்குமத்தை மட்டும் விட்டுவிட்டேன். தாலி இழந்தவள் நான், தட்டைத் தொடக்கூடாது என்றாள் சுமதி. நான் சத்தம் போட்டேன். தொடமாட்டேன் என்றவள், ஃபைனல் நடந்த ஹூஸ்டன் போகிற வரைக்கும் அதை மடியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஃப்ரீவேயில் பிரேக் போட்டால் தேங்காய் உருண்டுவிடுமாம்.

ஹோட்டலில் ஒரு ஹால். நீ பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளை. பழைய ரசிகர்கள், முன்பு ஆடிய பெண்கள், அவர்களின் கைக்குழந்தைகள் என்று கல்யாணக் கூட்டம். எல்லாரும் பழைய ஆட்டங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மழையில் நடந்த ஒரு ஃபைனலில் சேற்றுக்குள் பந்தையே காணவில்லை என்றார் ஒருவர். மழையா, அன்றைக்கு வெயில் கொளுத்தியது என்று அவர் மனைவி மறுத்தாள். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் உட்கார்ந்து பார்த்த ஆட்டமாம் அது. குடை எதற்கு என்பதில்தான் சண்டை. இவர்களோடு உன்னை விட்டிருந்தால் விடியும்வரை பேசியிருப்பாய் என்று நினைத்தேன்.

ஜெர்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். மலை மாதிரி இருந்த அப்பாக்கள் எல்லாம் பேச முடியாமல் மூக்கைத் துடைத்தார்கள். இனியாவின் பெயர் வந்ததும் அவள் விறுவிறுவென்று எழுந்து முன்னால் போனாள். நானும் தாம்பாளத்தோடு எழுந்தேன். வழியில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, ஏதோ தின்பண்டம் கொண்டு வருகிறார் என்று நினைத்து, தேங்க் யூ சொல்லி ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தேவிட்டாள். சீர்த் தட்டில் கை வைத்தவளை என்ன சொல்வது? ஹாலே சிரித்தது. உன் மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில், ஏன் மாமா வந்தாய் என்றுதான் இருந்தது.

கோச்சின் கையிலிருந்த ஜெர்சியை வாங்கித் தட்டில் வைத்தேன். பேச வேண்டுமே. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்ன ஆட்டங்கள்தான். போன அக்டோபரில் நடந்ததை எடுத்தேன். நீ நேரில் பார்த்த கடைசி ஆட்டம். கடைசி நிமிஷம், பாதி மைதானத்திலிருந்து இனியா ஓடுகிறாள், ஒருத்தி காலைப் பிடிக்கிறாள், இன்னொருத்தி தோளில் தொங்குகிறாள், மூன்றாமவளையும் இழுத்துக்கொண்டே போய் விழுந்து பந்தை வைக்கிறாள், ஜெயித்தோம். எனக்கு வந்த இங்கிலீஷில் கை கால் ஆட்டிச் சொல்லி முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

"மாமா," என்றாள் இனியா. "வி லாஸ்ட் தட் ஒன்."

இல்லையம்மா, உன் அப்பாதான் சொன்னார் என்றேன். அவள் முகம் மாறியது. அவள் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன், கேள். அவள் ஓடியது நிஜம். மூன்று பேர் தொங்கியதும் நிஜம். கோட்டைத் தாண்டி வைக்கப்போன நேரத்தில் பந்து கை நழுவி விழுந்துவிட்டது. அதனால்தான் தோற்றார்கள். காருக்குள் போய் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். நீ வெளியே நின்று போனில் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். பந்தை விட்டதைச் சொல்லித்தான் மாமாவிடம் சிரிக்கிறாய் என்று நினைத்துவிட்டாள். வீடு வரை உன்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் சரியாகப் பேசவில்லை. கேட்டுவிடலாம் என்று எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதற்குள் நீ பேசுகிற நிலையிலேயே இல்லை.

அத்தனை பேருக்கு முன்னால் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அப்பா என்ன சொன்னார் மாமா? எக்ஸாக்ட்லி."

நான் தமிழிலேயே சொன்னேன். ஹாலில் யாருக்கும் புரியாது, புரிய வேண்டியவர்களுக்குப் புரியும். "மச்சான், கேட்டுக்க. மூணு பேரு மேல தொங்குறாளுக. எம்பொண்ணு நிக்கலியே. நம்ம காடு மாதிரி நெனச்சு உழுதுட்டுப் போறா. வெச்சா பாரு பந்தை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு மச்சான்."

பின்வரிசையில் சுமதி விம்மியது எனக்குக் கேட்டது. இனியா அழுதாள். நீ போன அன்றைக்கு அழாத பிள்ளை, ஜெர்சியைத் தட்டிலிருந்து எடுத்து அதிலேயே முகத்தை வைத்து அழுதாள். கோச் வந்து அவளைப் பிடிக்கப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அழுது முடித்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு அந்த ஒரு பொய் போதும், பிரபு. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். எனக்குத்தான் போதவில்லை. அப்புறம் மற்ற அப்பாக்களிடம் மெதுவாக விசாரித்தேன். நீ எனக்குச் சொன்னவற்றில் பாதி, தோற்ற ஆட்டங்கள். மூன்று வருஷமாக ஒரு தோல்வியைக்கூட நீ என் காதில் போடவில்லை. அந்த அக்டோபர் வாரம்தான் உனக்கு ஸ்கேன் எடுத்து நோயைச் சொன்னார்கள் என்று சுமதி இப்போது சொல்கிறாள். அன்றைக்கு ஆட்டத்தைச் சொல்லி முடித்ததும், வயிற்று வலி என்ன ஆச்சு என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ரிப்போர்ட் எல்லாம் நார்மல் மச்சான், வெறும் கேஸ்" என்றாய். ஆட்டத்தைச் சொன்ன அதே குரல்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இதையும் நாலு பேர் படிக்கட்டும். அண்ணனுக்குச் சொல்லாதே, பதறிவிடுவான் என்று சுமதியின் வாயைக் கட்டினாயாமே. பதறியிருப்பேன். பதறி அடித்துக்கொண்டு அடுத்த ஃப்ளைட்டில் வந்திருப்பேன். உன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் நான் வந்தபோது உன்னால் என் பெயரைச் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். தோற்றதைச் சொல்லக்கூட ஒரு மச்சான் உதவமாட்டானா? யாருக்காக மறைத்தாய், எனக்காகவா, உனக்காகவா? நீ சொல்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காவது எல்லாம் ஜெயித்ததாக இருக்கட்டும் என்று உனக்கே ஆசையாக இருந்ததோ?

சரி, ஃபைனலைச் சொல்கிறேன். உன்னைப்போல் எனக்குச் சொல்ல வராது. ஹூஸ்டன் புழுக்கத்தில் பிள்ளைகள் நனைந்துபோய் ஆடினார்கள். முதல் பாதியில் நம் பக்கம் முன்னால் இருந்தது. இனியா ஒரு ட்ரை வைத்தாள், நிஜமாகவே வைத்தாள், நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் பாதியில் எதிரணிப் பிள்ளைகள் மலைப்பாறை மாதிரி நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இனியாவுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது, துடைத்துவிட்டு மறுபடி போனாள். இத்தனை வருஷம் மைதானத்துப் பக்கமே வர மறுத்த உன் பெண்டாட்டி வேலியில் ஏறாத குறையாகக் கத்தினாள். கடைசியில் கை கொடுத்து, எதிரணிக்கு வரிசையில் நின்று கை தட்டி, இரண்டு டீமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தோற்றுவிட்டோம், மாப்பிள்ளை.

இனியாவுக்கு இன்னும் ஒரு வருஷ ஆட்டம் பாக்கி இருக்கிறது. உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு, இனி சனிக்கிழமை நானே உங்களுக்கு போன் பண்ணுகிறேன் என்றாள். போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் கேட்டுக் கேட்டு நான் பட்டது போதும். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஜெயிக்கிற ஆட்டத்துக்கு அவளுக்கு என் துணை தேவைப்படாது. தோற்கிற ஆட்டங்களுக்கு நான் வேலியோரத்தில் நிற்பேன். எது தோற்கிற ஆட்டம் என்று முன்கூட்டித் தெரிவதில்லையே, அதனால் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறேன்.

உன் மச்சான்,
இனியாவின் தாய்மாமன்,
கதிர்வேல்