நீ குடிக்காத தண்ணீர்

இல்லை அக்கா, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

என் ஆசை அக்காவே, நீ கேட்கும் முன்பே பதில் எழுதுகிறேன். இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய். பதினாறாம் நாளுக்கு வந்த பெண்கள் எல்லோரும் எப்படி, எப்படி என்று கேட்டார்கள். அம்மா காய்ச்சல் என்றாள். நானும் காய்ச்சல் என்றேன். முப்பத்தொரு வயதுப் பெண்ணைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்றால் இந்தத் தோட்டத்தில் யாரும் மேலே கேட்பதில்லை.

இன்றோடு நாற்பது நாள். நீ பால் வெட்டிய ரப்பர் மரங்களை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கும் காண்டாக் கம்பு அடுப்படி மூலையில் அப்படியே சாய்ந்திருக்கிறது. தோள் படும் இடம் மட்டும் வழவழவென்று. உன் சின்னவன் அதன் இரண்டு பக்கமும் காலி டப்பாவை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறான். அவன் பிறந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது என்பது அவனுக்குத் தெரியக் கூடாது. அதை மட்டும் எப்போதும் சொல்லமாட்டேன்.

இரண்டு நாள் வலி. பிள்ளைக்குப் பெரிய தலை. முப்பதாம் நாள் நீ மறுபடியும் காண்டா தூக்கினாய். மேட்டில் ஏறும்போது இரண்டு வாளிப் பாலும் தோளை அழுத்த, கால் வழியே சொட்டியது. முதலில் வியர்வை என்று நினைத்தாயாம். இதையெல்லாம் கூலிம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் சொன்னாய். ஐந்து வருடம் கழித்து. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்த ஐந்து வருடமும் நான் என்ன பார்த்தேன்?

கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீ குறைந்துகொண்டே போனாய். லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கும்படி சிரிப்பவள், சிரிப்பதை விட்டாய். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னி நின்றாய். கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. தீமிதி பார்க்கக்கூட வரவில்லை. நான் உன் மௌனத்தைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். அந்நியமாதல் என்று எழுதினேன். இருத்தலின் சோர்வு என்று எழுதினேன். பெரிய பெரிய சொற்கள். உனக்குத் தேவைப்பட்டது துணி மாற்ற ஓர் இடம்.

பிறகு அந்த ஒட்டுப்பால் மூட்டை. வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியதையும் கிண்ணத்தில் கட்டிப்போனதையும் உரித்துச் சேர்த்த மூட்டை. நாலு நாளில் செத்த எலி போல நாறும். யாரும் தொட விரும்பாத வேலை. நீயாகக் கங்காணியிடம் கேட்டு வாங்கினாய். எல்லோருடைய மூட்டையையும் தலையில் சுமந்து, கொட்டகையில் உட்கார்ந்து பிரித்தாய். காசாசை என்றார்கள்.

"ஒட்டுப்பால் ராணி வர்றா, வழி விடுங்கலா!"

"சென்ட் எங்கடி வாங்கின, பினாங்குலயா?"

"ஆமா, ஒனக்கும் ஒரு போத்தல் வாங்கியாரவா?" என்று சொல்லிவிட்டு நீ நிற்காமல் போவாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். நீ வீட்டுக்குள் வந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் அஞ்சடித் திண்ணைக்குப் போனேன். அத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு அதே அஞ்சடிக்குப் போனதும் ஒட்டுப்பால் நாற்றத்தால்தான் என்று நம்பினோம். நீ விரும்பியதும் அதுதான். ஒரு நாற்றத்தை இன்னொன்றுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாய்.

என் பட்டமளிப்புக்கு நீ வரவில்லை. "பஸ்ல தலை சுத்தும்டி" என்றாய். பொறாமை என்று நினைத்தேன். நினைத்ததை உனக்குக் கடிதமாகவும் எழுதினேன். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா அக்கா?

"அன்னிக்கு செர்டாங்ல பஸ் ஏறினேன்டி," என்றாய் ஆஸ்பத்திரியில், சுவரைப் பார்த்தபடி. "பாலம் தாண்டறதுக்குள்ள எறங்கிட்டேன். புதுச் சேலை, பச்சை. உக்காந்திருந்த எடம்…"

வார்டில் இருந்த மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸிக்கு என் வயதுதான் இருக்கும். உன் உதட்டைப் பார்த்துவிட்டு, "தா மினும் ஆயேர் கா?" என்றாள். தண்ணீரே குடிப்பதில்லையா? நீ என்னைப் பார்த்தாய். காலையில் எழுந்ததிலிருந்து வேலை முடிந்து வரும்வரை ஒரு மடக்குகூட இல்லை. ஐந்து வருடம். அந்த வெயிலில். பத்து மணித் தேநீரை மரத்தடியில் ஊற்றிவிடுவாய். ஒரு முறை நான் பார்த்துவிட்டு ஏன் என்றேன். "மரத்துக்கும் தாகம் எடுக்கும்லா" என்றாய். அதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன், கவிதை என்று.

மிஸ்ஸி என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் கசிவு நின்றுவிடாது. மூத்திரம் கெட்டியாகி எரியும், இன்னும் அவசரப்படுத்தும், கிருமி தங்கும். பாரம் தூக்கத் தூக்கக் கசிவு கூடும். பிரசவத்தில் தளர்ந்த தசைதான் காரணம், அதைப் பழக்க முடியும். மூத்திரத்தை அடக்குவதுபோல உள்ளே இழுத்து, மூச்சை அடக்காமல், ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல விட வேண்டும். பத்துத் தடவை. தினம் மூன்று வேளை. மாதக்கணக்கில். முட்டும்வரை காத்திருக்காமல் நேரம் வைத்துப் போய்வர வேண்டும். நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை என்றாள். அவ்வளவுதான். தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

அதற்குள் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலந்திருந்தது. மூன்றாம் நாள் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. காச்சல்னு சொல்லு. என்னா?"

சரி என்றேன்.

இதை இப்போது எழுதுவது பாக்கியத்தால். பின் லயத்துப் பாக்கியம், தலைப்பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் காலைப் பெரட்டில், கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும், ஒட்டுப்பால் மூட்டையை இனித் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். "அடுத்த ராணி வந்தாச்சுலா" என்று பைப்படியில் தண்ணீர் பிடித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். காலையில் நிரப்பியது அப்படியே நிறைந்து திரும்பி வந்திருந்தது. மூடியைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

நேற்று கொட்டகைக்குப் போகும் வழியில் அவளைத் தனியாகப் பிடித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு, என்று பொதுவாக ஆரம்பித்து மிஸ்ஸி சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"யுனிவர்சிட்டில இதான் சொல்லிக் குடுக்குறாங்களாக்கா?"

"பாக்கியம், தண்ணியாச்சும் குடி."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மொதல்ல கல்யாணம் பண்ணிக்குங்க. அப்புறம் புள்ள பெத்தவளுக்குப் பாடம் நடத்தலாம்."

மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். ஏற்றிய அந்தக் கணத்தில் காலைப் பின்னி நின்றாள். உன்னைப் போலவே.

பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது அக்கா. இன்னார் இப்படி மறைத்தாள், மறைத்ததால் செத்தாள் என்று சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெயர்.

சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். பைப்படிக்குப் போகும். அம்மா ஒரு மாதம் வெளியே தலைகாட்டமாட்டாள். ராணி என்றவர்கள் உனக்கு வேறு பெயர் வைப்பார்கள். பாக்கியம் நம்பினாலும்தான் என்ன? மேடு அங்கேயேதான் இருக்கும். இரண்டு வாளியும் நிறைந்துதான் இருக்கும். நேரம் வைத்துப் போ என்றால் எங்கே போவாள்? மரத்துக்கு மரம் ஆள் நிற்கும் காட்டில் ஒதுங்க ஒரு மறைப்பு யார் கட்டித்தருவார்கள்? நான் தசையை இறுக்கச் சொல்லும் அதே மாதங்களில் அவள் தினமும் அதே பாரத்தைத் தூக்கப்போகிறாள். நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அவள் போத்தல் மட்டும் காலியாகத் திரும்பி வந்தால் போதும் என்று நினைக்கிறேன். அதுவும் வருமா?

உனக்குக் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன். நீ கோபித்துக்கொள்வாய், தெரியும். பதிலுக்கு வேறொன்று தருகிறேன். பைப்படியில் உன்னைப் பற்றிச் சிரிக்கும்போது நான் அங்கேயே நிற்பேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போகமாட்டேன்.

உன் இடுப்பில் வளர்ந்த
தங்கச்சி

இதை எழுதி முடித்ததும் பின் லயத்துக்குப் போனேன். பாக்கியம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, உன் பெயரைச் சொன்னேன்.