சனிக்கிழமைக் கச்சேரிக்கு நான் போனேன்

வைலே, டென்மார்க்
14.11.2024

அன்புள்ள மகன் கிருபனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. நீ நோர்வேயில் குருசுமுத்து மாமா வீட்டில் இருக்கிறாய் என்பதும், அவர் வேலை செய்கிற மீன் தொழிற்சாலையிலேயே உனக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். மாமாவைக் கோபிக்காதே. அம்மா போனில் அழுதபடியால்தான் அவர் வாய் திறந்தார்.

நாலு கிழமையாக நீ போன் எடுப்பதில்லை. ஆகவே தபாலில் எழுதுகிறேன். என்னுடைய டெனிஷ், இறைச்சித் தொழிற்சாலையில் கத்தியும் கொக்கியும் கேட்டு வாங்கப் பழகிய டெனிஷ். இதை எழுத அது காணாது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். ஆறுதலாக வாசி. பாதியில் மூடி வைத்துவிட்டு அடுத்த நாள் வாசித்தாலும் பரவாயில்லை.

நீ வேண்டாம் என்று சொல்லியும் சனிக்கிழமைக் கச்சேரிக்கு நான் போனேன்.

முதல் நாள் பின்னேரம் நீ அம்மாவுக்கு எடுத்து, “நாளைக்கு வரவேண்டாம், எனக்குச் சுகமில்லை” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அம்மா அதை நம்பினார். நானும் நம்பினேன். ஆனால் காய்ச்சலோடும் நீ மேடையில் நிற்பாய் என்று நினைத்தேன். முடிந்ததும் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றுதான் புறப்பட்டேன். அம்மா மல்லி அவித்துப் பிளாஸ்கில் ஊற்றித் தந்தார். முழங்கால் நோவால் தான் வரவில்லை என்றார். நீ செப்டெம்பரில் அனுப்பிய இரண்டு டிக்கெட்டில் ஒன்று இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியபடி இருக்கிறது.

அந்தக் கச்சேரியை அம்மா எவ்வளவு பேருக்குச் சொல்லி வைத்திருந்தார் தெரியுமா? யூட்லாந்து முழுக்க இசைப் பள்ளிகளில் தெரிந்தெடுத்த அறுபத்து நான்கு பிள்ளைகள், லீவு நாளில் மூன்று நாள் பயிற்சி, நாலாம் நாள் பெரிய மண்டபத்தில் கச்சேரி, அதை நடத்துகிற இரண்டு பேரில் ஒருவர் எங்கள் மகன். யாழ்ப்பாணத்துக்கு எடுத்து “கிருபன் கண்டக்டர்” என்று சொல்ல, யோகம்மா மாமி “எந்த ரூட் பஸ்?” என்று கேட்டாவாம். அம்மா இரண்டு நாள் சிரித்தார். அதன் பிறகு அவர் சிரித்து நான் காணவில்லை.

நான் மூன்றாம் வரிசையில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நிகழ்ச்சி நிரலில் உன் படம் இருந்தது. முதல் பாதி நீ, இரண்டாம் பாதி மற்றக் கண்டக்டர் கிர்ஸ்டன் என்று போட்டிருந்தது. பிள்ளைகள் வந்து இருந்தார்கள். பிறகு நீ வரவேண்டிய பக்கத்தால் கிர்ஸ்டன் வந்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, “கிருபன் இன்று எங்களோடு இல்லை” என்று ஒரே ஒரு வசனம் சொன்னார். சுகமில்லை என்று சொல்லவில்லை. 

எனக்கு இசை தெரியாது, அது உனக்கே தெரியும். ஆனால் பிள்ளைகளின் முகம் தெரியும். உன் பாதியை வாசித்து முடிக்கும்வரை அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ட்ரம்பெட் வரிசையில் முதல் நாற்காலி வெறுமையாக இருந்தது. இரண்டாவது பாட்டில் பக்கத்து நாற்காலிப் பிள்ளை எழும்பித் தனியாக வாசித்தாள்.  வாசித்து முடித்து நாற்காலியில் இருந்ததும் குனிந்து அழுதாள். சனங்கள் பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

முடிந்து வெளியில் வர, கிர்ஸ்டன் என்னைத் தேடி வந்தார். என் முகத்தில் உன் சாடை இருக்கிறதாம். மேல்சட்டைகள் தொங்கவிடுகிற மூலைக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ட்ரம்பெட் பிள்ளை ஒன்று ஒரே இடத்தில் மூன்று தரம் தடுமாறி நின்றதாம். நீ மேடையை விட்டு இறங்கி அவளுக்கு முன்னால் போய் நின்று தனியாக வாசிக்கச் சொன்னாயாம். அவள் திரும்பவும் நிற்க, நீ ஏதோ தமிழில் கத்தினாயாம். ட்ரம்பெட்டை அவள் வாயிலிருந்து எடுக்குமுன் கையால் அதை அடித்தாயாம். மேலுதடு கிழிந்து மூன்று தையல். முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்துவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதிகாரிகளுக்கு அறிக்கை எழுதியது தான்தான் என்றார். “எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை” என்றார். பயிற்சியின் முதல் நாளே நீ அந்தப் பிள்ளையை மட்டும் வாட்டுகிறாய் என்று கண்டதாகவும், நல்ல இசைக்காரன், அவனுடைய முறை அது என்று நினைத்துப் பேசாமல் விட்டதாகவும், அது தன் பிழை என்றும் சொன்னார். இரண்டாம் பாதியை அவர் எப்படி நின்று நடத்தினார் என்று எனக்குத் தெரியாது. நீ அவரைக் குறை நினைக்கிறாய் என்றால், நினைக்காதே.

கார் தரிப்பிடத்தில் மல்லித்தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பிள்ளை தமிழ்ப் பிள்ளை என்பதைக் கிர்ஸ்டன் சொல்லவில்லை. அது அடுத்த கிழமை சபையில், ஞாயிறு ஆராதனையில்தான் காதுக்கு வந்தது. ரண்டர்ஸில் இருக்கிற கஜந்தியின் மகள், ஷாரன், பன்னிரண்டு வயது. உன்னைப் பற்றிப் பேசியவர்கள் நான் கிட்டப் போனதும் கதையை நிறுத்தினார்கள். “ஐயா, தம்பி என்ன இப்ப இஞ்சை இல்லையோ?” என்று ஒருவர் கேட்டார். “ஓம், நோர்வேயிலை” என்றேன். அன்று முழுப் பாட்டும் நான் வாய் அசைக்கவில்லை.

இரண்டாம் தேதி ரயில் எடுத்து ரண்டர்ஸுக்குப் போனேன். கஜந்தி கதவைத் திறந்ததும் நான் யார் என்று சொன்னேன். “உள்ளுக்கு வாங்கோ அங்கிள், வெளியிலை குளிர்” என்றாள். அவளுடைய கணவர் அறையை விட்டு வரவேயில்லை. வராததில் பிழையும் இல்லை. கஜந்தி தேத்தண்ணி தந்தாள். பொலிசில் கொடுத்த முறைப்பாட்டை எடுக்கமாட்டோம் என்று முதலிலேயே சொன்னாள். நான், எடுக்கவேண்டாம், அதைக் கேட்க வரவில்லை என்றேன். அப்போதுதான் அவள் கதிரையில் இருந்தாள்.

நீ தமிழில் என்ன கத்தினாய் என்று நான் கேட்டேன். கஜந்தி மகளிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். “நிப்பாட்டாதை.”

கிருபன், நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

அப்போது உனக்குப் பத்து, பதினொரு வயது. நான் விடிய நாலு மணிக்கு இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய், பின்னேரம் வந்து, நீ ட்ரம்பெட் பழகும்போது பக்கத்தில் இருப்பேன். இந்த நாட்டுப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரனாக இருந்தால்தான் உன்னைப் பக்கத்தில் இருக்க விடுவார்கள் என்று நான் நம்பினேன். வேலைத்தலத்தில் எனக்கு நடந்ததைப் பார்த்து அப்படி நம்பினேன். ஆனால் எது பிழை, எது சரி என்று எனக்குக் கேட்டுப் பிடிக்கத் தெரியாது. நீ நடுவில் நின்றால் பிழை விட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். நின்றால் அகப்பைக் காம்பால் காலில் அடிப்பேன். அடிக்கும்போது அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லுவேன். நீ நிற்காமல் வாசிக்கப் பழகினாய். பிழையோடேயே ஓடப் பழகினாய். நான் அதைத் திறமை என்று நினைத்தேன்.

கோடையிலும் நீ நீளக் காற்சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனாய். உன் வகுப்பு ஆசிரியை ஒருமுறை கேட்டபோது, எங்கள் சமயத்தில் அப்படித்தான் என்று நான் பொய் சொன்னேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அந்த நேரங்களில் அவர் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார். கழுவுவதற்கு ஒன்றும் இருக்காது. இதை அம்மாவைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. யாராவது ஒருவர் தொடங்கவேண்டும். அது நானாக இருக்கவேண்டும்.

கஜந்தி வீட்டில் நான் எழும்பப் போக, அந்தப் பிள்ளை அறையிலிருந்து வந்தாள். தையல் பிரித்துவிட்டார்கள். உதட்டில் சிவப்பாக ஒரு கோடு. மெலிந்த பிள்ளை. தாய்க்குப் பின்னால் ஒளியாமல் என் முன்னால் வந்து நின்று டெனிஷில் கேட்டாள். “நான் அவ்வளவு மோசமாகவா வாசித்தேன்?”

இல்லை என்றேன். எனக்கு இசை தெரியாது, ஆனால் இல்லை என்றேன். நீ வாசித்ததற்கும் அவர் அடித்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. பிறகு கேட்டாள், அவர் சின்னவராக இருக்கும்போது அவரையும் யாராவது அடித்தார்களா என்று. ஓம் என்றேன். யார் என்று கேட்டாள்.

கஜந்தி அவளைத் தடுக்கப் பார்த்தாள். நான், விடுங்கோ பிள்ளை, கேட்கட்டும் என்றேன். “நான்தான்” என்று சொன்னேன். அறுபத்தேழு வயதில், ஊர் பேர் அதிகம் தெரியாத வீட்டில், ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் முதல்தரம் வாய்விட்டுச் சொன்னேன். உன்னிடம் சொல்லியிருக்கவேண்டியதை அவளிடம் சொன்னேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபிக்கவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. “அப்படியென்றால் அது கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டுமே” என்றாள்.  “அவர் வந்து அது பிழை என்று என்னிடம் சொல்லுவாரா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ட்ரம்பெட் அவளுடைய அலுமாரிக்கு மேலே பெட்டியோடு கிடக்கிறது, திறக்கவில்லை என்று வாசலில் கஜந்தி சொன்னாள். உதடு ஆறிவிட்டது, வைத்தியர் ஊதலாம் என்கிறார், பிள்ளைதான் மாட்டேன் என்கிறாள்.

வரும்போது ஓகூஸில் ரயில் மாறவேண்டும். நான் மாறவில்லை. அடுத்த ரயிலும் போனது. ரயில் நிலைய வாங்கிலில் இருந்துகொண்டு, உன்னை எத்தனை பின்னேரம் அடித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவில் வந்தது மூன்றோ நாலோதான். மிச்சமெல்லாம் எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கும். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

இனி நடைமுறை விஷயம். உன் டிஜிட்டல் தபாலுக்குப் பொலிசிலிருந்து அழைப்பு வந்திருக்கும், திறந்து பார். திறக்காவிட்டாலும் அது வந்ததாகவே கணக்கு. இனிப் பிள்ளைகளோடு வேலை செய்ய உன்னை விடமாட்டார்கள் என்று கிர்ஸ்டன் நினைக்கிறார். உன் வீட்டுச் சாவி நிறோஷினியிடம் இருக்கிறதாம். இரண்டு தரம் வந்து அம்மாவோடு இருந்துவிட்டுப் போனாள். நிச்சய மோதிரத்தைக் கழற்றவில்லை. காத்திருப்பாள் என்றும் சொல்லவில்லை. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும். உனக்கு அது கோபமாக இருக்கலாம். ஆனால் உன்னைக் கட்டப்போகிற பிள்ளைக்கு அது தெரியவேண்டும் என்று நினைத்தேன்.

விசாரணைக்கு வந்தால் தனியாகப் போகாதே. உன்னோடு நான் வருவேன். நீ வேண்டாம் என்றால் வாசலில் நிற்பேன். அப்பா அடித்தபடியால்தான் நான் அடித்தேன் என்று நீ அங்கே சொல்லவேண்டாம். அது உன்னைக் காப்பாற்றாது, அந்தப் பிள்ளைக்கு நியாயமும் இல்லை. அந்தக் கை உன்னுடையது. உன்னை அடித்த கை என்னுடையது. இரண்டையும் நான் ஒன்றாகக் கலக்கப் பார்க்கவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் நான் எழுதிப் பார்த்து இரண்டு தரம் வெட்டிவிட்டேன். உன்னிடம் அதைக் கேட்டால், பதில் சொல்லவேண்டிய பாரத்தையும் உன் தலையில் ஏற்றிவிடுவேன். அதனால் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஐந்து மணிக்கு நான் கடலோரம் நடக்கப் போகிறேன். இந்தக் கிழமையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மழை என்றாலும் போவேன். ஆறரைக்கு முன்னால் வீட்டுக்கு வரமாட்டேன், போனையும் மேசையில் வைத்துவிட்டே போவேன். அந்த நேரம் அம்மா வீட்டில் தனியாக இருப்பார். எடுத்துக் கதை. நீ என்ன சொன்னாய் என்று நான் அவரிடம் கேட்கமாட்டேன்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக, நான் இல்லாத இடத்திலும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கிறிஸ்துநாயகம்