இருநூற்று ஐம்பத்தாறில் இரண்டு

இன்று காலை மார்க்கர் மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உனக்கு அது ஆகாது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்துவாய். நீ போன பிறகு உன் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம் அவர்கள் மேலா, உன் மேலா, தெரியவில்லை.

இன்றைய பாடம் கணினிகளுக்கு எண் கொடுக்கும் ஐ.பி. முகவரிக் கணக்கு. 'சி' வகை முகவரியின் நான்கு எண்களில் முதல் மூன்று நெட்வொர்க்குக்கு, கடைசி எண் கணினிக்கு. அது பூஜ்யம் முதல் 255 வரை போகும்; ஆக 256 முகவரிகள். கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 254தான். நாம் இருவரும் காரைக்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிச்ச இரண்டையும் 'வீண்' என்று போர்டில் எழுதினேன். என் வகுப்பைப் பார்க்க வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ எகிறினாய்.

"வீணா? அடிப்பாவி! முதல் நம்பர் அந்த நெட்வொர்க்குக்கே பேரு. கடைசி நம்பர் எல்லாத்தையும் ஒண்ணாக் கூப்பிட. எத்தனை இருக்குன்னு கேட்டா 256. எத்தனை குடுக்கலாம்னு கேட்டாத்தான் ரெண்டைக் கழிக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். உன் வாய்க்கு முன்னால் யாரால் நிற்க முடியும்? நானும் சிரித்தேன்.

போன ஞாயிறு உன் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். உன் அம்மா என்னையும் தேவகோட்டைக்கு வரச் சொல்லியிருந்தார். "மூத்தவ நோவுல போனதச் சொல்லாதீக மதினி. ரெண்டு பிள்ளைகன்னு சொல்லுங்க. இல்லாட்டி சம்பந்தம் தட்டிப் போகும்" என்று உன் சித்தப்பா முன்கூட்டியே சொல்லி வைத்தார். அம்மாவும் தலையாட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஒங்களுக்கு எத்தனை பிள்ளைக?"

உன் அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மூணு. மூத்தவ போன வருசம் போயிட்டா."

என்ன நோவு, எத்தனை நாள் கிடந்தாள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பிப் போனார்கள். இதுவரை தகவல் இல்லை. சித்தப்பா அம்மாவோடு பேசுவதில்லை.

நேற்று உன் தங்கை போனில், "அக்கா, அம்மா ரெண்டுன்னே சொல்லியிருக்கலாமோ?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நீயாக இருந்தால் ஏதாவது பேசி அவளைச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது.

இந்த இடம் தட்டிப்போனால் அடுத்த இடத்திலும் அதே கேள்வி வரும். அப்போது உன் அம்மா இரண்டு என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் உன் தங்கையின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்றும் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?