மாப்பிள்ளை சொல்லித் தரும் இங்கிலீஷ்

மயிலாப்பூர்
14-11-96

சிரஞ்சீவி கிரீஷுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்க எல்லாருக்கும் உடம்பு சௌக்கியம், உடம்பைத் தவிர மத்ததை எழுதத்தான் இந்தக் கடுதாசி. நீயும் குளிர்ல காதை மூடிண்டு வேளைக்குச் சாப்பிட்டுண்டு நன்னா இருப்பேன்னு நம்பறேன். தீபாவளி மழையோட மழையா ஆயிடுத்து, மாட வீதியில முழங்கால் மட்டும் ஜலம், வெடியெல்லாம் நமுத்துப் போய் அப்பா அதை வெயில்ல காய வைக்கணும்னு வெயிலுக்குக் காத்துண்டிருக்கார். மேல் போர்ஷன் மாமிக்குக் கண் ஆபரேஷன் ஆயி நன்னா தெரியறதாம், நம்மாத்துச் சுவத்துல இருக்கற ஒட்டடையெல்லாம் இப்போ எனக்குச் சொல்றா. அப்பா ரிடையர் ஆனதுலேர்ந்து ஹாலையே ஆபீஸா மாத்திட்டார், பேப்பரை நான் தொட்டா மடிப்பு கலைஞ்சுடுத்துன்னு ஒரு கோவம். ஏரோகிராம்ல எடம் பத்தாதுன்னு தனியாத் தாள் வாங்கி எழுதறேன், அப்பாவுக்கும் மதுவுக்கும் தெரியாது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, ஆகறதுக்கு முன்னாடி எழுதறேன், அதனால நிதானமாப் படி.

உன் தங்கை மதுவைத் தை மாசம் அந்த ஜெயராமுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுக்க எனக்குப் பயமா இருக்குடா. சொல்லிட்டேன். அவன் பொண்ணு பார்க்க வந்தபோது பாடத் தெரியுமான்னு கேக்கலை, சமைக்கத் தெரியுமான்னு கேக்கலை, ஹாலில கிடந்த இங்கிலீஷ் பேப்பரை எடுத்து மது கையில குடுத்து வாசிக்கச் சொன்னான். உங்கப்பாவுக்கு அதுலயே மனசு குளுந்து போயிடுத்து. இங்கிலீஷ் நன்னா பேசறவன் நல்ல மனுஷனாத்தான் இருப்பான்னு நம்மாத்துல ஒரு நம்பிக்கை, உனக்கும் உண்டு, இல்லைன்னு சொல்லாதே. நிச்சயதார்த்தம் ஆனதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை கார்த்தால அமெரிக்காவுலேர்ந்து அவன் போன். அங்க வந்து நாலு பேர் எதிர்ல திருதிருன்னு முழிக்கக்கூடாதுன்னு வாராவாரம் கொஞ்சம் வார்த்தை சொல்லுவான், அதுக்கு அர்த்தம் சொல்லுவான், அந்த வார்த்தையை வெச்சு ஒரு வாக்கியமும் அவனே சொல்லுவான். அடுத்த வாரம் மது எல்லாத்தையும் ஒப்பிக்கணும். அவ நின்னுண்டு ஒப்பிப்பா, உங்கப்பா பக்கத்துல சேரைப் போட்டு மடியில டிக்‌ஷனரியை வெச்சுண்டு, கச்சேரியில உக்காந்தாப்பல தலையை ஆட்டிண்டு இருப்பார். வேலைக்கு வர முனியம்மா பார்த்துட்டு, இன்னாம்மா, கண்ணாலத்துக்குக் கூடவா பரிச்சை வைக்கிறாங்கோ, பாப்பா ராவும் பகலும் படிச்சிக்கினே கீதுன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சோம். மதுவும்தான் சிரிச்சா, அப்போல்லாம் அவ சிரிச்சிண்டுதான் இருந்தா.

எனக்கு இங்கிலீஷ் காதுல விழுந்தா பாதி புரியும், மீதியை மதுவுக்குத் தலை பின்னும்போது கேட்டுப்பேன். முதல்ல பனிப்புயல், விருந்தோம்பல், அந்த மாதிரி வார்த்தைகள்தான். அப்புறம் வந்த வாக்கியமெல்லாம்தான் எனக்கு ஒட்டலை. ஃப்ரூகல்னு ஒரு வார்த்தை, சிக்கனம்னு அர்த்தமாம், அதுக்கு அவன் சொன்ன வாக்கியம், என் மனைவி சிக்கனமானவள், அவள் கையில் காசு இருக்காததால் செலவும் இருக்காது. ப்ராம்ப்ட்னா தாமதம் இல்லாம செய்யறது, நான் ஆபீஸிலிருந்து போன் செய்தால் முதல் மணியிலேயே அவள் எடுத்துவிடுவாள். செக்ளூடட்னா ஒதுக்குப்புறம், எங்கள் வீடு ஒதுக்குப்புறமானது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. ஏர்போர்ட்ல இறங்கினதும் பாஸ்போர்ட்டைப் புருஷன் கையில ஒப்படைச்சாள்னு கூட ஒண்ணு, அந்த வார்த்தை எனக்கு வாயில வரலை. ஒரு வாரம் மது அவளா யோசிச்சு வேற வாக்கியம் சொன்னா, நம்ம கபாலி கோவில் குளத்தைப் பத்தி, அழகாத்தான் சொன்னா. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இவ ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுண்டே நிக்கறா, லைன்ல மூச்சு விடற சத்தம் கேக்கறதுங்கறா, அப்புறம் டக்குன்னு வெச்சுட்டான். அடுத்த வாரம் அதே வார்த்தை மறுபடி, அவன் சொன்ன வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாம சொன்னா. அதுலேர்ந்து அவ சொந்தமா ஒண்ணும் சொல்றதில்லை. ஆழ்வார்பேட்டை ஆடிட்டர் ஆபீஸ் வேலையையும் விட்டுட்டா, அங்க பேசற இங்கிலீஷ் காதைக் கெடுத்துடும்னு அவன் சொன்னானாம். சிநேகிதி யாராவது போன் பண்ணினா நான் இல்லைன்னு சொல்லிடும்மாங்கறா. உங்கப்பாகிட்ட சொன்னா, உதாரண வாக்கியத்துல போய் அர்த்தம் தேடறியே, திருடன் ஓடினான்னு டிக்‌ஷனரியில போட்டிருந்தா டிக்‌ஷனரி எழுதினவன் திருடனான்னு என்னைக் கேக்கறார்.

இப்போ விஷயத்துக்கு வரேன். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மது ஒப்பிச்சிண்டே வந்தவ நடுவுல ஒரு எடத்துல நின்னுட்டா. ப்ரிடிசெஸர்னு வார்த்தை. ஒருத்தர் இருக்கற எடத்துல அவருக்கு முன்னாடி இருந்தவர்னு அர்த்தமாம். அதுக்கு அவன் சொல்லிக் கொடுத்த வாக்கியம், அவளுக்கு முன்னால் இருந்தவளுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. மது அதைச் சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. அந்தப் பக்கத்துலேர்ந்து வெரி குட்னு சொன்னது எனக்கே கேட்டுது. அப்பாவைக் கேட்டா அது ஆபீஸ் சம்பந்தமான வார்த்தை, ஒரு ஆபீசர் போய் இன்னொரு ஆபீசர் வந்தா சொல்றதுங்கறார். ஆபீசருக்கு வீடு பிடிக்கலைன்னா என்னன்னு கேட்டேன், க்வார்ட்டர்ஸா இருக்கும்னார். கோவத்துல அன்னிக்கு அவருக்கு ரெண்டாம் காப்பி குடுக்கலை.

மறுநாள் கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் பெசன்ட் நகர்ல சம்பந்தியாத்துக்கே போயிட்டேன். சம்பந்தி மாமி பிரியமா வாங்கோன்னு கூப்பிட்டுக் காப்பி கலந்து குடுத்தா. நான் சுத்தி வளைக்கலை, அமெரிக்காவுல ஜெயராம் இருக்கற ஆத்துல இதுக்கு முன்னாடி வேற யாராவது இருந்தாளா மாமின்னு சாதாரணமாத்தான் கேட்டேன். இல்லைன்னு சொல்லலை, யாரைக் கேக்கறேள்னு சொல்லலை. கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சுட்டு, உங்களுக்கு யார் சொன்னான்னு கேட்டா. உள்ளேர்ந்து அவாத்து மாமா வந்து டி.வி.யைப் பெரிசா வெச்சுட்டு, ரிசப்ஷனுக்கு எந்த மண்டபம் பார்த்திருக்கேள்னு ஆரம்பிச்சுட்டார். அந்த மாமி அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாசல் வரைக்கும் கொண்டு விட வந்தா, செருப்பை மாட்டிக்கும்போது என் கையைப் பிடிச்சிண்டா, என்னமோ சொல்ல வந்தாப்பல இருந்தது, மாமா கூப்பிட்டதும் கையை விட்டுட்டு உள்ள போயிட்டா.

ஆத்துக்கு வந்ததும் மதுவை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கக் கூட்டிண்டு போய் நேராவே கேட்டேன். உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா, இல்லைன்னா இப்போ சொல்லு, உங்கப்பாவை நான் பார்த்துக்கறேன்னேன். புடவையை மடிச்சிண்டே, ஐ ஆம் கன்டென்ட் அப்படின்னு இங்கிலீஷ்ல சொன்னா. என்னடி அர்த்தம்னேன். இருக்கறது போறும்னு இருக்கறதுன்னா. இது நீ சொல்றதா, அவன் சொன்னதான்னு கேட்டேன். தெரியலைம்மா, இது போன வாரத்து வார்த்தைன்னா. உன் தங்கை வாயாடி, உன்னையே வாயடைக்கிறவ, உனக்குத் தெரியாதா. அங்கேயே நின்னு நான் அழுதேன், அவ அடுத்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பிச்சா.

அதனால நான் ஒரு காரியம் பண்ணியிருக்கேன். கல்யாணப் பத்திரிகை ராயப்பேட்டையில ஷரீஃப் பிரஸ்ல அச்சுக்குப் போயிருந்தது. உன் பூணல் பத்திரிகை போட்டவர்தான், நம்மாத்தை நன்னாத் தெரியும். அவர்கிட்ட போய் முகூர்த்த நேரத்துல சந்தேகம் இருக்கு, ஜோஸ்யரைக் கேட்டுண்டு சொல்றேன், அது வரைக்கும் மிஷின்ல ஏத்தாதீங்கோன்னு பொய் சொல்லியிருக்கேன். அவர் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, அம்மா நீங்க சொல்ற வரைக்கும் ஏத்த மாட்டேன், ஐயா கேட்டா காகிதம் வரலைன்னு சொல்லிக்கறேன்னார். கார்த்திகை பாதி வரைக்கும் உங்கப்பாவைச் சமாளிப்பார், அதுக்கு மேல முடியாது. பத்திரிகை வெளியில போயிட்டா உங்கப்பா பின்வாங்க மாட்டார், அவர் கௌரவம் உனக்குத் தெரியும்.

கிரீஷ், உன் ஊர்லேர்ந்து அவன் இருக்கற எடம் கார்ல மூணு மணி நேரம்னு நீதான் சொன்னே. ஒரு நாள் லீவு போடு. அவன் ஆபீஸ்ல இருக்கற நேரமாப் பார்த்துப் போ, அவன்கிட்ட சொல்லிண்டு போகாதே. கிட்டக்க யாரும் இல்லைன்னு அவனே சொல்றான், ஆனா தபால் போடறவன் இருப்பான், தெருக் கோடியில ஒரு கடை இருக்கும், நம்மவா கூடற கோவில் இருக்கும். அந்த ஆத்துல முன்னாடி ஒரு பொண்ணு இருந்தாளான்னு கேளு. இருந்தான்னா இப்போ எங்க இருக்கான்னு கேளு. ரெண்டாவதுக்குப் பதில் கிடைக்கற வரைக்கும் திரும்பி வராதே. ஒண்ணுமே இல்லை, எல்லாம் அம்மாவோட பிரமைன்னு நீ சொன்னா, நான் உங்கப்பா கால்ல விழுந்து நமஸ்காரம் பண்ணிட்டுப் பத்திரிகையை நானே ஒவ்வொரு ஆத்துக்கும் கொண்டு போய்க் குடுக்கறேன். இருக்குன்னு சொன்னா கல்யாணம் கிடையாது. நிச்சயம் பண்ணிட்டு நிறுத்திட்டான்னு ஊர் நாலு விதமாப் பேசும், நன்னாப் பேசட்டும். அதைக் கேட்டுண்டு அழறதுக்காவது அவ என் கண் எதிர்ல இருப்பா.

ரோடுல பனி இருந்தா மெதுவாப் போ, அவன்கிட்ட சண்டைக்கு நிக்காதே. தயிர் சாப்பிடறதை விடாதே. தீர்க்காயுசா, ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு கபாலியை வேண்டிக்கறேன். விஷயம் தெரிஞ்சதும் மேல் போர்ஷன் மாமியாத்து நம்பருக்குப் பண்ணு, என்னைக் கூப்பிடச் சொல்லு. ஞாயித்துக்கிழமை கார்த்தால மட்டும் நம்மாத்து நம்பருக்குப் பண்ணிடாதே. அந்த நேரத்துல அவனுக்கு லைன் கிடைக்கலைன்னா மதுதான் பதில் சொல்லணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலக்ஷ்மி